அடுப்பும் தெருவும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வழித்தடத்தில் ஓர் உணவு நடை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் கூட்டுரோடு பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். அந்தத் தூரத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் கேழ்வரகுக் கூழ், கொரியக் கிம்ச்சி, ஜப்பானிய மிசோ சூப், பிஹாரின் லிட்டி–சோக்கா, ஒடிசாவின் பகாளா எல்லாம் யாரோ ஒருவருடைய பசிக்காகத் தயாராகின்றன. இத்தனை சமையல் மரபுகள் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடங்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. ஆனால் இந்த வழித்தடத்தைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை முதலீடு, உற்பத்தி, ஏற்றுமதி பற்றியவை. இங்கே யார் என்ன சாப்பிடுகிறார்கள், அதை யார் எங்கே சமைக்கிறார்கள் என்ற கேள்வி 2021 டிசம்பரில்தான் தலைப்புச் செய்தியானது. விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகே அது நடந்தது.

அந்தக் கேள்வியைச் சாலையோரமாக நடந்தபடி கேட்டுப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் முயற்சி. ஒப்பிட்டுப் பார்க்க மெக்ஸிகோவின் உணவு நடைகளை எடுத்துக்கொள்கிறேன். பிழைக்க வந்தவர்களின் சமையல் ஓர் ஊரின் சமையலாக மாற இரண்டு வேண்டும்: சமைப்பவர் கையில் ஓர் அடுப்பு, சமைத்ததை விற்கவும் வாங்கவும் ஒரு தெரு. நம் வழித்தடம் உலகத்தின் சமையல்காரர்களையும் உண்பவர்களையும் கொண்டுவந்து சேர்த்தது. அடுப்பையும் தெருவையும் அது திட்டத்தில் சேர்க்கவே இல்லை.

மெக்ஸிகோவில் நடந்து உண்பது

மெக்ஸிகோ நகரின் பழைய மையப் பகுதியிலும், வஹாக்கா, புவெப்லா போன்ற நகரங்களின் சந்தைகளிலும் வழிகாட்டியோடு நடந்தபடி சாப்பிடும் உணவு நடைகள் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கின்றன. சிறு குழு ஒன்று சில மணி நேரம் கடை கடையாக நின்று, ஒவ்வொன்றிலும் சிறிது உண்டு, சமைப்பவரிடம் பேசிவிட்டு நகரும். மெக்ஸிகோவுக்கு ஒரே சமையல் கிடையாது என்பதை அந்த நடை காட்டித் தருகிறது. வஹாக்காவில் பல நிறங்களில் மொலே குழம்புகள். புவெப்லாவில் காய்ந்த மிளகாய் வகைகளையும் சிறிது சாக்லேட்டையும் சேர்த்து அரைத்த கருஞ்சிவப்பு மொலே. யுகத்தான் தீபகற்பத்தில் ஜாப்ரா விதையும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் தடவி, வாழையிலையில் சுற்றி, மண்குழியில் வேகவைத்த பன்றி இறைச்சி. 2010-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் மெக்ஸிகோவின் மரபுச் சமையலைச் சேர்த்தபோது, மிச்சோவாக்கான் மாநிலத்துச் சமூகங்களின் சமையலை முன்மாதிரியாகக் காட்டித்தான் விண்ணப்பம் போயிருந்தது. வட்டார மரபுகள் உயிரோடிருந்தால்தான் தேசிய உணவு என்ற ஒன்று நிலைக்கும் என்பது அதிலேயே அடங்கியிருந்தது.

இந்த நடைகளில் தவறாமல் இடம்பெறுவது மக்காச்சோள ரொட்டி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, மறுநாள் கழுவித் தோலைக் களைந்து, ஈர மாவாக அரைக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்புதான் தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தை உடல் ஏற்கும்படி விடுவிக்கிறது. கொலம்பஸுக்குப் பிறகு மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனது. சுண்ணாம்பில் ஊறவைக்கும் முறை கூடவே போகவில்லை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் மக்காச்சோளக் களியே கதி என்றிருந்த வட இத்தாலிய ஏழை உழவர்களைப் பெலாக்ரா என்ற நோய் வாட்டியது. பண்டம் மட்டும் பயணப்பட்டு, அதைச் சமைக்கத் தெரிந்தவரின் அறிவு பின்தங்கியதற்கு மக்கள் கொடுத்த விலை அது. நம் வழித்தடத்தில் நிலைமை நேர்மாறு. சமைக்கத் தெரிந்தவர் வந்துவிட்டார், அடுப்பு வரவில்லை.

ஏரிகள் சோறு போட்ட ஊர்

தொழிற்சாலைகளுக்கு முன்பும் இங்கே ஒரு சமையல் இருந்தது. ஏரிகள் நிறைந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி இது. ஏரிப்பாசன நெல்தான் ஊர்களுக்குச் சோறு போட்டது. உழைப்பவர் வீட்டில் கேழ்வரகு மாவும் அரிசி நொய்யும் சேர்த்துக் காய்ச்சிப் புளிக்கவைத்த கூழ். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாக வார்க்கப்படும் அதே கூழ், கோடையில் மோர் மிளகாயோடும் பச்சை வெங்காயத்தோடும் சாலையோர வண்டிகளில் இன்றும் விற்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் வைணவ ஆசாரியர் இராமானுசர் அவதரித்த தலம். அதே வைணவ மரபில், மேற்கே காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாளுக்குப் படைக்கும் குடலை இட்லி, இந்த வட்டாரச் சமையலின் பெருமைக்குரிய பண்டம். அரிசியையும் உளுந்தையும் கரகரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த நீண்ட மூங்கில் குடலையில் ஊற்றி நெடுநேரம் ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்ததும் துண்டு போடும்போது இலை மணமும் சுக்கு மணமும் சேர்ந்தே எழும். இதில் காரம் தருபவை மிளகும் சுக்குமே; மிளகாய் கிடையாது.

மிளகாய் மெக்ஸிகோவில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்ட செடி. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியக் கப்பல்கள் வழியாக இந்தியக் கரையைத் தொட்டது. கிழக்கே சென்ற மிளகாய் கொரியாவிலும் வேர்விட்டது. 1614-இல் எழுதப்பட்ட கொரிய நூல் ஒன்றில் அது குறிப்பிடப்படுகிறது. அதன் பிறகுதான் கிம்ச்சி படிப்படியாகச் சிவந்தது. இன்று ஒரே தொழிற்சாலை உணவுக்கூடத்தில் ஒரு மேசையில் மிளகாய்த்தூள் போட்ட சாம்பாரும் மறு மேசையில் கிம்ச்சியும் இருந்தால், மெக்ஸிகோவிலிருந்து வெவ்வேறு திசைகளில் புறப்பட்ட ஒரே செடியின் பயணங்கள் அங்கே சந்திக்கின்றன. எந்த வட்டாரச் சமையலும் பூட்டிய வீட்டில் வளர்ந்ததில்லை. வந்து சேர்ந்ததைத் தன்வயமாக்கிக்கொண்டுதான் ஒவ்வொன்றும் வளர்ந்திருக்கிறது.

கொரியப் பலகைகளுக்குப் பின்னால்

1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றியது. 1998-இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்கள் வந்தன. 2006-இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் மூடியது. 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டெய்ம்லர் என ஒரகடம் பக்கம் வண்டித் தொழில் விரிந்தது. ஜப்பானிய, ஐரோப்பியப் பொறியாளர்களும் அவர்களோடு வந்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை தொங்கும் உணவகங்களும் தங்கும் விடுதிகளும் இந்த வரலாற்றின் விளைவு. குடும்பத்தைச் சியோலிலோ சென்னையிலோ விட்டுவிட்டு வரும் பொறியாளருக்கு வீட்டுச் சாப்பாடு போடுவதே இவற்றின் முதல் வேலை. தட்டுக்கு முன்னால் சிறு கிண்ணங்கள் வரிசையாக வரும்: கிம்ச்சி, முளைகட்டிய பயறு, வதக்கிய கீரை, கருவாட்டுப் பொடிமீன். நடுவில் புளித்த சோயாமொச்சை விழுது கரைத்த குழம்பு. கிம்ச்சிக்கு முட்டைக்கோசை உப்பில் ஊறவைத்துப் பிழிந்து, பூண்டு, இஞ்சி, புளித்த மீன்சாறு, கொரகொரப்பான மிளகாய்த்தூள் கலந்த விழுதை இலை இலையாகப் பூசி மூடிவைக்கிறார்கள். குளிர்நாட்டில் வாரக்கணக்கில் நிதானமாகப் புளிப்பது, நம் வெக்கையில் வெளியே வைத்தால் ஓரிரு நாளில் புளித்துவிடும். குளிர்பெட்டி இல்லாமல் இங்கே கிம்ச்சியைக் காப்பாற்ற முடியாது. குடும்பங்கள் கூடிக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் தன் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானின் மரபுச் சமையலும் அதே ஆண்டு சேர்ந்தது.

உலகம் அங்கீகரித்த இந்தச் சமையல்கள் நம் ஊரில் நடக்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இவை நடப்பது மூடிய கதவுகளுக்குப் பின்னால், குளிரூட்டிய அறைகளில். உள்ளே போய்ச் சாப்பிடும் விலை, பக்கத்து லைன் வீட்டில் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு எட்டாது. அதே நிறுவனத்தில் வேலை பார்த்தாலும் பொறியாளரின் தட்டும் ஒப்பந்தத் தொழிலாளியின் தட்டும் ஒரு தெருவில்கூடச் சந்திப்பதில்லை. மெக்ஸிகோ சந்தையில் அலுவலகக்காரரும் மூட்டை தூக்குபவரும் ஒரே கடை முன் நின்று சாப்பிடுகிறார்கள். அந்த நெருக்கம்தான் சமையலைப் பரவச் செய்கிறது.

லைன் வீட்டுச் சமையல்

மாத்தூர், மாம்பாக்கம், வல்லம் போன்ற தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் ‘லைன் வீடு’ எனப்படும், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளைக் காணலாம். ஓர் அறையில் பலர். ஒருவர் ஷிப்ட் முடிந்து வரும்போது இன்னொருவர் கிளம்புவார். ஒடிசா, பிஹார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம், உத்தரப் பிரதேசம் என்று வந்தவர்கள் இவர்கள். இந்த ஊர்களின் மளிகைக் கடைகளில் கடுகெண்ணெய்ப் புட்டி, சத்துமாவு, அவல், பரவல் காய் எல்லாம் வந்து சேர்ந்திருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்வதற்கு முன்பே யார் குடிவந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுவது மளிகைக் கடை அலமாரிதான்.

பிஹார்க்காரரின் லிட்டியைக் கவனியுங்கள். வறுத்த கடலையை அரைத்த சத்துமாவில் பூண்டு, ஓமம், பச்சை மிளகாய், கடுகெண்ணெய், எலுமிச்சைச் சாறு கலந்து பூரணமாக்கி, கோதுமை மாவு உருண்டைக்குள் அடைத்து, தணலில் சுட்டெடுக்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட கத்தரிக்காயும் தக்காளியும் அவித்த உருளைக்கிழங்கும் பிசைந்த சோக்கா. தணல் கிடைக்காத அறையில் அதே உருண்டை இரும்புச் சட்டியில் மூடி போட்டு வேகிறது. மணம் குறையும், ஆனாலும் ஊர் நினைப்பைத் தீர்க்கும்.

ஒடிசாக்காரரின் பகாளா நமக்கு அறிமுகமே வேண்டாத உணவு. முன்னிரவுச் சோற்றில் நீர் ஊற்றிப் புளிக்கவிட்டு, மறுநாள் பொரித்த மீனோ, வதக்கிய கீரையோ, வடகமோ, வெங்காயமோ வைத்துச் சாப்பிடுவது. நம் பழைய சோற்றுக்கும் அதற்கும் ஊர்ப்பெயரைத் தவிரப் பெரிய வேறுபாடில்லை. ஆலையில் ஒரே உற்பத்தி வரிசையில் நின்று வேலை பார்க்கும் திருவண்ணாமலைக்காரருக்கும் ஒடிசாவின் கஞ்சாம்காரருக்கும் காலைப் பசிக்கு ஒரே மருந்து. இந்தச் செய்தி அவர்கள் இருவருக்கும் தெரியவே வாய்ப்பில்லாதபடி வேலை நேரமும் தங்குமிடமும் அமைந்திருக்கின்றன.

ஓர் அடுப்பு எப்படி உருவாகிறது என்பதற்கு அரசுத் திட்டங்களிலேயே இரண்டு நல்ல சான்றுகள் உண்டு. முகவரிச் சான்று கேட்காமல், அடையாள அட்டையை மட்டும் பார்த்துத் தரும் 5 கிலோ எரிவாயு உருளை ஒன்று. 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்த ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் மற்றொன்று; சொந்த ஊர்க் குடும்ப அட்டைக்குரிய தானியத்தை அதன் மூலம் இங்கேயே வாங்கலாம். இரண்டும் பிழைக்க வந்தவரை அந்த இடத்துக்கு உரியவராக நடத்துகின்றன. ஆனால் சமைக்க இடமில்லாத அறையில் இருப்பவருக்கு உருளையாலும் பயனில்லை, தானியத்தாலும் பயனில்லை.

அடுப்பே இல்லாதவர்கள்

மின்னணு ஆலைகளின் முதுகெலும்பு இளம்பெண்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும், இப்போது வெளிமாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். ஒப்பந்ததாரர் நடத்தும் விடுதியில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய், கம்பெனி பஸ்ஸிலேயே திரும்புகிறார்கள். விடுதியில் ஒருவேளைச் சாப்பாடு, ஆலையில் ஒருவேளை. என்ன சாப்பிடுவது என்பதில் அவர்களுக்குச் சொல் கிடையாது.

2021 டிசம்பர் நடுவில் பூந்தமல்லிப் பகுதியில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சானது. 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் நிலை பற்றிச் சரியான தகவல் கிடைக்காத நிலையில், டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை மூடப்பட்டது. சமையற்கூடத்தை ஆய்வு செய்த உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எலிகளையும் மோசமான வடிகாலையும் கண்டு அதை மூடினார்கள். ஆலையைக் கண்காணிப்பில் வைத்திருப்பதாக, அங்கே தன் கைப்பேசிகளைச் செய்வித்துவந்த ஆப்பிள் நிறுவனம் அறிவித்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மறுபடி இயங்கத் தொடங்கியது.

இதற்கு அரசு கண்ட விடை பெரிய அளவிலான தங்குமிடம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு 706.50 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்டது. பாதுகாப்பான அறை, தண்ணீர், கழிப்பறை என்ற அடிப்படைகளில் இது பெரிய முன்னேற்றம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு சிற்றூரையே விஞ்சும் மக்கள்தொகை அது. அத்தனை பேரும் எங்கே எதைச் சமைத்துக்கொள்ளலாம், அவர்களுடைய ஊர்ச் சுவைகளில் எது பந்திக்கு வரும் என்ற கேள்விக்கும் கட்டட வரைபடத்திலேயே விடை இருக்க வேண்டும்.

சட்டத்தில் இதற்கு ஒரு பிடிமானம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. 2025 வரை நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 250-க்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் உணவகம் அமைக்கச் செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்தது. அதை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறுவது பற்றியும் அதே பிரிவு பேசியது. உண்பவருக்கு உணவில் சொல் உண்டு என்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பு ஆலை வாயிலைத் தாண்டி விடுதிக்குள் வரவில்லை.

அத்தோ காட்டிய வழி

வந்தேறிய சமையல் ஊர்ச் சமையலாவதற்கு மெக்ஸிகோவில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. உதுமானியப் பேரரசின் லெபனான் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள், செங்குத்துக் கம்பியில் இறைச்சியை அடுக்கிச் சுடும் ஷவர்மாவைக் கொண்டுவந்தார்கள். 1930-களில் புவெப்லாவில் அது அரேபிய டாக்கோ ஆனது. பின்பு ஆட்டிறைச்சியின் இடத்தில் பன்றி இறைச்சி வந்தது, காய்ந்த மிளகாய் மசாலா ஏறியது, மேலே அன்னாசித் துண்டு சேர்ந்தது. இன்று மெக்ஸிகோ நகரின் அடையாளமாகச் சொல்லப்படும் டாக்கோ அல் பாஸ்தோர் அதுதான்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று சென்னையிலேயே இருக்கிறது. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானதும், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1960-களின் இறுதியில் துறைமுகத்தின் எதிரே பர்மா பஜார் உருவானது. அதை ஒட்டிய தெருக்களில் வண்டிகள் முளைத்தன. அவித்த நூடுல்ஸில் மெல்லிதாய்ச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, பேஜோ என்னும் மொறுமொறுப்பான பண்டத்தின் நொறுக்கல், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், எண்ணெய் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவது அத்தோ. பக்கத்தில் சூடான வாழைத்தண்டு சூப். முதலில் அகதியின் பசிக்கு, பிறகு துறைமுகத் தொழிலாளியின் மாலைப் பசிக்கு, இன்று நகரமே தேடி வரும் உணவு. 2004 முதல் ஆகஸ்டில் கொண்டாடப்படும் சென்னை நாளையொட்டியும் மற்ற நாட்களிலும் நடக்கும் மரபு நடைகள் ஜார்ஜ் டவுன் தெருக்களைத் தேடிப் போவதற்கு இப்படிப்பட்ட சுவைகளும் காரணம்.

அத்தோ பிழைத்ததற்குச் சுவை மட்டும் காரணமாக முடியாது. திரும்பி வந்தவர்கள் குடும்பமாக வந்தார்கள். வீட்டில் அடுப்பு மூட்டினார்கள். தள்ளுவண்டி நிறுத்த ஒரு நடைபாதை இருந்தது, அதன் வழியே நடந்து போகும் கூட்டம் இருந்தது. ஒரகடத்தில் கிடைப்பவை ஆறுவழிச் சாலை, மதிற்சுவர், கன்டெய்னர் லாரி, ஆலை வாயிலில் நிற்கும் கம்பெனி பஸ். ஷிப்ட் மாறும் நேரத்தில் கூட்டுரோட்டில் முளைக்கும் கையேந்தி பவன்கள்தான் இங்கே தெரு என்று சொல்லத் தக்கவை. டீ, போண்டா, பரோட்டா, முட்டை ரைஸ் வரிசையில் மோமோ வண்டியும் சோலே–பூரி வண்டியும் சேர்ந்து நிற்கின்றன. நம் வழித்தடத்தின் அத்தோ பிறக்குமானால் இந்த வண்டிகளில்தான் பிறக்கும்.

அவற்றுக்கு நிற்கும் உரிமையோ மிகப் பலவீனமானது. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் கணக்கெடுப்பு, சான்றிதழ், விற்பனைக் குழு, விற்பனைப் பகுதி எல்லாம் தருகிறது. ஆனால் அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர உள்ளாட்சிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வழித்தடத்தின் பெரும்பகுதி இன்னும் கிராம ஊராட்சிகள். நகரத்தின் உழைப்பு நடக்கும் இடத்தில் நகரத்தின் பாதுகாப்பு இல்லை. சாலை விரிவாக்கமோ பிரமுகர் வருகையோ வந்தால் முதலில் அகற்றப்படுபவை இந்த வண்டிகளே.

என்ன செய்யலாம்

இந்த வழித்தடத்தில் ஓர் உணவு நடை தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சுற்றுலாக் காட்சியாக அது சுருங்கிவிடக் கூடாது. பகாளா பற்றிச் சொல்ல ஒடிசாத் தொழிலாளியும், கூழ் பற்றிச் சொல்ல உள்ளூர் மூதாட்டியும், கிம்ச்சி பற்றிச் சொல்லக் கொரியச் சமையற்கட்டில் வேலை கற்றவரும் வழிகாட்டிகளாக இருக்க வேண்டும். அவர்களுடைய நேரத்துக்கு ஊதியமும் தர வேண்டும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் கல்லூரி மாணவர்கள் கூடவே நடந்து, செய்முறைகளையும் கடைகளையும் பதிவு செய்யலாம். ஆலை மூடினால் ஒரு சமையலே ஊரைவிட்டுப் போய்விடும் இடம் இது. நோக்கியா மூடியபோது வேலையிழந்த பெண்களோடு என்னென்ன உணவுப் பழக்கங்கள் கலைந்து போயின என்பதற்கு நம்மிடம் பதிவு எதுவும் இல்லாதது பெரிய இழப்பு.

நடை மட்டும் போதாது. விடுதிகளில் தளத்துக்கு ஒரு பொது அடுப்படியும், 46-ஆம் பிரிவு சொன்னது போன்ற உணவுக் குழுவும் கட்டாயமாக வேண்டும். தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் பாதுகாப்பைத் தொழிற்பேட்டை ஊராட்சிகளுக்கும் நீட்ட வேண்டும். தொழிற்பேட்டைகளை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் புதிய பேட்டைக்கு வரைபடம் போடும்போது துணைமின் நிலையத்துக்கும் கழிவுநீர் நிலையத்துக்கும் இடம் ஒதுக்குவதுபோல, குடிநீரும் விளக்கும் நடைபாதையும் கொண்ட ஓர் உணவுத் தெருவுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். செலவு என்று பார்த்தால், அந்த ஆலைகளில் கொட்டப்படும் முதலீட்டின் முன் இது ஒன்றுமே இல்லை. பிழைக்க வந்தவர் தன் கையால் சமைத்து, அடுத்தவருக்கும் ஒரு தட்டு நீட்டும் இடத்தில்தான் தொழிற்பேட்டை ஊராகத் தொடங்கும். அந்த இடத்தை ஒதுக்குவது அரசின் கையில் இருக்கிறது. கேட்டு வாங்குவது நம் கையில் இருக்கிறது.